சுளுக்கு எடுத்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை பின்நேரங்களில் எமது தோட்டங்களைச் சுற்றி வந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. தொழிற்சாலைக்குப் பின்னாலோ, பெரட்டுக்களத்திலோ, மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலத்திலோ இரண்டு கம்பங்களை நட்டு வலை கட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் விழுந்தால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி எடுத்துவர ஒரு சிறுவன் எப்போதும் தயாராக நிற்பான். 1991ஆம் ஆண்டு முதல் கரப்பந்தாட்டம் இந்நாட்டின் தேசிய விளையாட்டு. எம் இளைஞர் அதனை விரும்புவது அதற்காக அன்று. ஒரு பந்தும் ஒரு வலையும் இருந்தால் பன்னிரண்டு பேர் விளையாடலாம். மலைநாட்டில் கிடைப்பதற்கரிய சமதரையும் அதிகம் தேவையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் இப்படியொரு போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் அடிப்பதற்காக எழும்பினான். நன்றாகவே அடித்தான். இறங்கும்போது அவனது வலது கால் வலைக்குக் கீழே நீண்டிருந்த எதிரணிக்காரனின் பாதத்தின்மேல் விழுந்து உட்பக்கமாக மடங்கியது. அவன் தரையில் உருண்டான். உடனே நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் பாதத்தைப் பிடித்து இழுத்துச் "சொடக்கு" எடுத்தார். இன்னொருவர், "எந்திரிச்சு நடடா, ரத்தம் கட்டிக்கிரும்" என்றார். மூன்றாமவர் வீட்டுக்கு ஆளனுப்பிச் சுடுதண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அன்றிரவே பெரியவர் ஒருவர் எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட்டார். காலையில் கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

எட்டாம் நாள் அவன் வேலைக்குப் போய்விட்டான். மூன்றாம் வாரம் மறுபடி ஆடினான், மறுபடி மடங்கியது. அடுத்த ஆண்டு அதே கால் நாலு முறை மடங்கியது. கடைசி முறை மைதானத்தில் அன்று, கவ்வாத்து மலையிலிருந்து இறங்கி வரும் ஒற்றையடிப் பாதையில். "சும்மா நடந்து வந்தேன் ஃபாதர், கால் தானா பெரண்டு போச்சு" என்றான். இன்று அவன் விளையாடுவதில்லை. சரிவான மலைகளில் வேலை கொடுத்தால் பக்கவாட்டாகவே இறங்குகிறான். அவனது காலுக்கு உரிய நேரத்தில் வேண்டியிருந்தது ஆறு வாரப் பயிற்சி. செலவு என்று சொல்லப்போனால் பழைய டியூப் துண்டு ஒன்று.

கணுக்காலுக்குள் நடந்தது என்ன?

எலும்பை எலும்போடு கட்டிவைத்திருக்கும் பட்டை போன்ற நார்கள் எமது மூட்டுக்களில் உள்ளன. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் அத்தகைய மூன்று நார்கள் இருக்கின்றன. பாதம் உட்பக்கமாக மடங்கும்போது அவற்றுள் முன்னால் இருப்பதே பெரும்பாலும் முதலில் இழுபட்டுக் கிழிகிறது. நாம் "சுளுக்கு" என்று ஒரே சொல்லால் அழைப்பது சிறிய இழுபடுதலாகவும் இருக்கலாம், முழுதாக அறுந்ததாகவும் இருக்கலாம். நரம்பு பிசகிவிட்டது, அதை இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம் என்ற எண்ணம் தவறானது. அங்கே பிசகியது எதுவுமில்லை. கிழிந்த துணியை இழுத்தால் அது மேலும் கிழியும், அவ்வளவுதான்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடு வைப்பதும் அழுத்தி நீவுவதும் உள்ளே இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். அந்நாட்களில் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துப் படுப்பதும், விரல்நுனி முதல் மேலே கெண்டைக்கால் வரை மீள்துணியால் அளவான இறுக்கத்தில் சுற்றுவதும், குளிர்ந்த துணி வைப்பதும் போதுமானவை. ஐஸ் கட்டிக்கு லயத்தில் எங்கே போவது என்று கேட்பீர்கள். நமுனுகுலை அடிவாரத்தில் விடியற்காலைப் பீலித் தண்ணீரில் குளித்தவர் யாரும் ஐஸைத் தேடமாட்டார். அந்தத் தண்ணீரில் நனைத்த துணியைப் பதினைந்து நிமிடம் போட்டு எடுத்தால் வலி தணியும். ஐஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக 1978ஆம் ஆண்டு எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல ஆண்டுகள் சென்றபின், நீண்ட நேர ஐஸும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் சொந்தக் கூற்றையே அவர் திருத்திக்கொண்டார். ஐஸ் வலிக்கானது, காயத்தை ஆற்றுவது அதுவன்று.

எலும்பு முறிந்திருக்குமோ என்பதுதான் எம் மக்களின் முதல் பயம். நியாயமான பயம். லுணுகலைப் பக்கத்திலிருந்தோ மடுல்சீமைப் பக்கத்திலிருந்தோ பதுளைக்கு எக்ஸ்ரே எடுக்கப் போவதென்றால் ஒரு முழு நாள் வேண்டும். கூடப் போகிறவருக்கும் அன்றைய பேரு இல்லை. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தபோது, ஒரு கிளினிக் பயணத்தின் விலையும் அதனோடு உயர்ந்தது என்று ஒரு தாய் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆகவே எப்போது கட்டாயம் போக வேண்டும் என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட எளிய விதி ஒன்று இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. காயம் பட்டவுடனும், பின்னர் மருத்துவர் பார்க்கும்போதும், நொண்டியேனும் நாலு அடி வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலும் வேண்டும். பாதத்தின் வெளிப்புற ஓரத்தில் நடுவே தட்டுப்படும் எலும்பு முடிச்சிலும், அதற்கு நேரே உட்புறம் உள்ள எலும்பிலும் அவ்வாறே. இவற்றுள் ஒன்றுமே இல்லையெனில் முறிவு இருப்பது மிக அரிது. பாதம் கோணி நின்றாலோ, விரல்கள் குளிர்ந்து வெளிறினாலோ, மரத்துப்போனாலோ விதி எதுவும் பார்க்க வேண்டாம். கிடைக்கும் வாகனத்தில் ஏற்றுங்கள்.

முறிவு வைத்தியரைப் பற்றி

இவ்விடயத்தில் எம்முள் இரு கட்சிகள் உண்டு. படித்தவர்கள் நாட்டு வைத்தியரைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள்; மற்றவர்கள் அவரைத் தவிர வேறெவரிடமும் போகமாட்டார்கள். ஊவாவில் சிங்களக் கிராமங்களின் "கெடும் பிந்தும்" வைத்தியம் தலைமுறை தலைமுறையாக வந்த கலை. கைவிரலால் தடவியே முறிவை அறியும் பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எம் தோட்டத்து மக்களை அவர்கள் இன வேறுபாடின்றி ஏற்றுப் பார்த்ததையும், காசில்லாதவரிடம் வெற்றிலையோடு நிறுத்திக்கொண்டதையும் மறக்க முடியாது. ஆனால் மூங்கில் பட்டையை வைத்து இறுகக் கட்டிய கால், வீக்கம் கூடும்போது இரத்த ஓட்டம் தடைப்பட்டு அழியக்கூடும் என்பதும் உண்மை. கட்டிய பின் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், யார் கட்டியிருந்தாலும் அக்கட்டை அவிழ்த்துவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வைத்தியசாலையில் போட்ட மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும்.

என் மனக்குறை வேறு. நாட்டு வைத்தியமாயினும் ஆங்கில வைத்தியமாயினும், எம்மவர்க்குக் கட்டு அவிழ்த்த அன்றே வைத்தியம் முடிந்துவிடுகிறது. உண்மையில் அன்றுதான் அது தொடங்குகிறது.

நார் ஆறிவிடும், ஆனால் அந்த நாருக்குள் இருந்த உணர்வு தானாகத் திரும்புவதில்லை. பாதம் எக்கோணத்தில் இருக்கிறது என்பதை நாம் கண்ணால் பார்க்காமலே உணர்கிறோம். அச்செய்தியை மூளைக்கு அனுப்பும் நுண்ணிய நரம்பு முனைகள் நாரிலும் தசையிலும் மூட்டுறையிலும் உள்ளன. காயத்தின் பின் அச்செய்தி தாமதமாகப் போகிறது. கல்லில் கால் வைத்த கணத்தில் தசை இறுகிக் காலைக் காப்பாற்ற வேண்டும். இறுகுவதற்குள் கால் மடங்கிவிடுகிறது. சுளுக்கியவர்களில் பத்துக்கு நாலு பேர் வரை இவ்வாறு நெடுநாள் தளர்ந்த கணுக்காலோடு வாழ்கிறார்கள் என்று ஆய்வாளர் கூறுவர். எம் இளைஞனின் கால் "தானா பெரண்டு" போனதன் காரணம் இதுவே.

இதற்கு மருந்து பயிற்சி. வலி அனுமதிக்கும் முதல் நாட்களிலேயே கட்டிலில் இருந்தபடி பாதத்தால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதலாம். சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி, ஒரு நுனியைக் கட்டில் காலில் கட்டி, மறு நுனியைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுப்பது அடுத்த படி. பின்னர் லயத்துப் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்க வேண்டும்; முதலில் இரு காலால், பிறகு ஒற்றைக் காலால். எல்லாவற்றிலும் எளியது பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. முப்பது விநாடி ஆடாமல் நிற்கக் கற்றபின் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். எவ்வளவு கடினம் என்பது அப்போது தெரியும். காயம்படாத காலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அளவுகோல். ஒற்றைக் காலில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வலியின்றித் துள்ள முடியாதவன், எத்தனை வாரம் ஆகியிருந்தாலும் மைதானத்துக்குத் தகுதியானவன் அல்லன்.

யாரும் தொடாமலே அறுந்த முழங்கால்

மற்றொரு கதை ஒரு மாணவியுடையது. அவளது பெயரும் தோட்டமும் இங்கு வேண்டாம். அவளது தாய் கொழுந்து பறிப்பவர். தந்தைக்குத் தொழிற்சாலையில் வேலை. பாடசாலை உதைபந்தாட்ட அணியில் அவள் முன்வரிசை ஆட்டக்காரி. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கும்மா பந்து" என்று தந்தை முணுமுணுப்பார். ஆனாலும் போட்டியன்று வேலியோரம் நின்று யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஒரு பயிற்சி நாளில் பந்தோடு ஓடியவள் சட்டென்று நின்று திரும்பினாள். அருகில் எவருமில்லை. முழங்காலுக்குள் "டொக்" என்று ஏதோ அறுந்ததுபோல் கேட்டதாம். ஒரு மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. சுளுக்கு என்றார்கள், எண்ணெய் போட்டார்கள், சித்தாலேப தடவினார்கள். வீக்கம் வடிந்தது. அவளும் நடந்தாள். ஆனால் படியிறங்கும்போது முழங்கால் நழுவி விலகுவது போல் இருந்தது. இரண்டு மாதம் கழித்தே அவளை அரசாங்க வைத்தியசாலையின் எலும்பு முறிவுக் கிளினிக்குக் கூட்டிச் சென்றோம். முழங்காலின் நடுவே சிலுவைபோல் ஒன்றையொன்று குறுக்கறுத்துச் செல்லும் இரு நார்கள் உள்ளன. அவற்றுள் முன்னது முழுதாக அறுந்திருந்தது.

"யாரு அடிச்சாங்க?" என்பதே தாயின் கேள்வி. யாரும் அடிக்கவில்லை என்பதை அவரை நம்பவைக்க வெகுநேரம் பிடித்தது. உண்மையில் இந்நார் அறுவதில் பெரும்பங்கு, எதிராளி தொடாமலே நடக்கிறது. வேகமாக ஓடி நிற்கும்போது, திரும்பும்போது, எழும்பி ஒற்றைக் காலில் இறங்கும்போது முழங்கால் உட்பக்கமாகச் சரிந்து திருகுகிறது. அந்த ஒரு கணம் போதும். 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டுள்ள ஃபிளாக் ஃபுட்போல் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்கக் கால்பந்தில் ஆளை மோதி வீழ்த்துவார்கள். இதிலோ ஓர் அணிக்கு ஐந்து பேர்; இடுப்பில் தொங்கும் துணிக்கொடியை உருவி எடுத்தாலே ஆட்டக்காரர் பிடிபட்டவராவார். மோதக்கூடாது என்பதே விதி. சிறுவரும் பெண்களும் அச்சமின்றி ஆடலாம் என்றுதான் அது பரவியது. ஆயினும் அங்கும் கணுக்கால் மடங்குகிறது, முழங்கால் நார் அறுகிறது, தொடையின் பின்தசை பிடிக்கிறது. கொடியைப் பறிக்கப் போன விரல் துணியில் சிக்கி, விரலை மடக்கும் நாண் பிய்ந்துபோவதும் உண்டு. விரல்நுனியை மடக்க முடியாவிட்டால் அது வெறும் விரல் சுளுக்கு அன்று. பத்து நாட்களுக்குள் மருத்துவர் பார்க்க வேண்டியது. எம் பிள்ளைகள் ஆடும் கபடி, எல்லே, வலைப்பந்தாட்டம், பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கத்து மாணவர் ஆடும் றக்பி எல்லாவற்றிலும் நின்று திரும்பும் அந்தக் கணம் இருக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு இந்நார் அறும் வாய்ப்பு அதே ஆட்டத்தை ஆடும் ஆண்பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இடுப்பு, தொடை அமைப்பும், குதித்து இறங்கும் விதமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுக்கப்படாததும் ஒரு காரணம் என்பேன். எமது பாடசாலைகளில் பையன்களுக்கு ஆறு மாதப் பயிற்சி, பெண்களுக்குப் போட்டிக்கு முந்திய இரண்டு வாரம். இதை மறுப்பவர் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.

சத்திரசிகிச்சை செய்ய வேண்டுமா என்பது வீட்டில் பெரும் விவாதமாயிற்று. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆயினும் 2022 பொருளாதார நெருக்கடியின் பின் சில பொருட்களை வெளியே வாங்கிவரச் சொல்லும் நிலை பல இடங்களில் ஏற்பட்டது. காத்திருப்போர் வரிசையும் நீளம். தோட்டத்தில் வேலையின்போது விழுந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் துணை நிற்கும். விளையாட்டில் விழுந்த மாணவிக்கு அப்படியொன்றுமில்லை. எனவே வசதியற்றவருக்கு வேறு வழியே கிடையாதா என்று நானும் தேடினேன்.

2010இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று ஆறுதல் தந்தது. இந்நார் அறுந்த 121 இளவயதினரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே சத்திரசிகிச்சையும் பயிற்சியும், மறு பிரிவினருக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவையானால் பிறகு சத்திரசிகிச்சை என்று செய்து பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் இரு பிரிவினரின் முழங்கால்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. பயிற்சியோடு தொடங்கியவரில் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள். மற்றப் பாதிப்பேருக்கு அது தேவைப்படவேயில்லை. ஆகவே கத்தி வைத்தால்தான் கால் என்றோ, கத்தியே வேண்டாம் என்றோ முன்கூட்டியே சொல்ல முடியாது. பயிற்சியின்றி எவ்வழியும் உதவாது என்பது மட்டும் உறுதி. எம் மாணவிக்கு முழங்கால் விலகுவது நிற்காததால் இறுதியில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது.

அதன்பின் இயன் மருத்துவரிடம் அனுப்பப்பட்டாள். இத்துறைக்கான பாடசாலை 1957இல் கொழும்பில் தொடங்கப்பட்டது. பின்னாளில் பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் அது பட்டப்படிப்பாயிற்று. பதுளை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் இச்சேவை இருப்பது கூட எம் தோட்டத்தில் பலருக்குத் தெரியாது. "கரண்ட் வச்சு வைத்தியம் பாக்குற இடம்" என்றுதான் சொல்வார்கள். இயன் மருத்துவர் செய்வதில் மின்சாரம் சிறு பகுதி. பெரும் பகுதி பயிற்சி சொல்லிக் கொடுப்பதே.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை. நாங்கள் சென்ற வைத்தியசாலையில் அவளிடம் கொடுக்கப்பட்ட பயிற்சித்தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அந்த இயன் மருத்துவர் அன்பானவர். தமக்குத் தெரிந்த தமிழில் "காலு தூக்கு, பத்து" என்று சொல்லிக் கொடுத்தார். எத்தனை தடவை, எத்தனை நாள், வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா என்பதெல்லாம் தாளில்தான் இருந்தது. அவள் வீட்டில் அத்தாளை மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குக் கீழே மடித்து வைத்திருந்தாள். மூன்று வாரம் எதுவும் செய்யவில்லை. முழங்காலை முழுதாக நீட்ட முடியாமல் விறைத்துப் போயிற்று. ஒரு தமிழாசிரியையும் நானும் உட்கார்ந்து அதனை மொழிபெயர்த்து, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒரு தாள் மொழிபெயர்ப்புக்காக மூன்று வாரம் ஒரு பிள்ளையின் முழங்கால் காத்திருந்தது.

பயிற்சிகள் கடினமானவை அல்ல, சலிப்பானவை. முழங்காலின் கீழ் சுருட்டிய துவாயை வைத்து அழுத்தித் தொடைத்தசையை இறுக்குவது, குதிகாலுக்குக் கீழ் துவாயை வைத்து முழங்காலை முழுதாக நீட்ட விடுவது, நேராக நீட்டிய காலைத் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்வது, படியில் ஏறி இறங்குவது. நிறை தூக்க மணல் நிரப்பிய ஒரு லீற்றர்ப் போத்தல். இவற்றைத் தினமும் மூன்று வேளை. நாலாம் மாதம் தேயிலை மலைப் பாதையில் நடை. இங்கே எம் மலைநாட்டுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கமே முழங்காலை வாங்கும். இறங்கும்போதுதான் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே முதலில் ஏறவிட்டோம். இறங்கும்போது தார் ரோட்டு வழியாகச் சுற்றி வரச் சொன்னோம்.

ஏழாம் மாதம் வலயப் போட்டி வந்தது. அவள் ஓடத் தொடங்கியிருந்தாள்; வலியில்லை. அணிக்கு ஆள் குறைவு. ஆசிரியரும் தோழியரும் வந்து கேட்டார்கள். தந்தையே, "புள்ள நல்லாத்தானே ஓடுது, ஒரு ஆட்டம் ஆடட்டுமே ஃபாதர்" என்றார். நானும் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இயன் மருத்துவர்தான் மறுத்தார். ஒற்றைக் காலால் துள்ளி எவ்வளவு தூரம் போகிறாள் என்று இரு காலையும் நாடாவால் அளந்தார். நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது காயப்பட்ட கால் போக வேண்டும். அவளால் முக்கால் பங்கைக் கூடத் தாண்ட முடியவில்லை. வெளியே நின்று பார்த்த எங்களுக்கு இரு காலும் ஒன்றாகவே தெரிந்தன! 2016இல் நோர்வே நாட்டவர் வெளியிட்ட ஆய்வின்படி, சத்திரசிகிச்சையின் பின் ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முழங்கால் மறுபடி காயப்படும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அந்தப் போட்டியில் அவள் வேலியோரம் தந்தையோடு நின்றாள். அவர்கள் அணி தோற்றது. அவள் அழுதாள்.

பத்தாம் மாதத்தின் கடைசியில் அதே சோதனையில் தேறி மைதானத்தில் இறங்கினாள்.

இருபது நிமிடம்

காயம் வருமுன் தடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏனெனில் இது படிப்பதைவிடச் செய்ய வேண்டியது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் மருத்துவக் குழுவினர் "11+" என்ற பெயரில் இருபது நிமிட முன்பயிற்சி ஒன்றை வகுத்தார்கள். மெல்லோட்டம், முழங்கைகளை ஊன்றிப் பலகை போல் கிடத்தல், முழந்தாளிட்டுக் கணுக்கால்களைத் தோழர் பிடிக்க உடலை மெதுவாக முன்னால் சாய்த்தல், ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்தல், எழும்பி மென்மையாக இறங்குதல், கடைசியில் வேக ஓட்டம். நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண்பிள்ளைகளிடம் ஒரு பருவம் முழுதும் இது சோதிக்கப்பட்டு, முடிவு 2008இல் வெளியானது. இப்பயிற்சி செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன; கடுமையான காயங்கள் பாதியளவு குறைந்தன. இதற்கு வேண்டியது ஒரு பந்து மட்டுமே. ஆனால் வாரத்துக்கு இருமுறையாவது செய்ய வேண்டும். போட்டியன்று மட்டும் செய்து பயனில்லை.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். தலையோடு தலை மோதிய பிள்ளை எழுந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும், தடுமாறினாலோ, தலைவலி, வாந்தி, ஞாபகக் குழப்பம் இருந்தாலோ அன்று மறுபடி ஆட விடக்கூடாது. இதில் பேரம் கிடையாது. வாந்தி தொடர்ந்தாலோ, மயக்கம் கூடினாலோ இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

மைதானத்திலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. சிரமதானத்தில் கற்களைப் பொறுக்கி, குழிகளை மண்ணிட்டு அடைத்து, பள்ளத்துப் பக்கம் ஒரு வேலி போட்டால் பல கணுக்கால்கள் தப்பும். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால் மண்வெட்டி கிடைக்கும். சில துரைமார் ஒரு லோட் மணலும் தருவார்கள்.

அம்மாணவி இப்போது பாடசாலையை விட்டுவிட்டாள். சனிக்கிழமைகளில் தோட்டத்துச் சிறுமிகளைக் கூட்டி வைத்து அந்த இருபது நிமிடப் பயிற்சியைச் செய்விக்கிறாள். பையன்கள் முதலில் சிரித்தார்கள். முழந்தாளிட்டுச் சாயும் பயிற்சியில் பத்துத் தடவை முடியாமல் மூன்றில் மண்ணைக் கவ்வியபின் சிரிப்பு நின்றது. போன மாதம் நான் அவ்வழியே போனபோது, மைதானத்திலிருந்து அவளது குரல் லயம் வரைக்கும் கேட்டது: "முழங்கால உள்ளுக்கு விடாத! சத்தம் கேக்காம எறங்கு, பூனை மாதிரி!"